ஃபார்மட் என்னும் தலைமுழுக்கு

"ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்டுரலாம்ண்ணே. சாயங்காலமா வந்து வாங்கிக்குங்க."

கணினி வைத்திருக்கும் தமிழர் பலரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நான் கேட்டது குறைவு, சொன்னதுதான் அதிகம். ஒரு சிறு நகரத்து சர்வீஸ் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். சிவப்புக் கட்டம் கட்டி, மஞ்சள் முக்கோணம் போட்டு, 'உங்கள் கணினியில் 38 வைரஸ்கள் உள்ளன, உடனே பதிவு செய்யுங்கள்' என்று அலறும் கணினியைக் கட்டைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பத்து நொடி பார்ப்பேன். மேலே எழுதிய வாக்கியத்தைச் சொல்வேன். வந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி படரும். டாக்டர் 'பயப்பட ஒண்ணுமில்ல' என்றதும் வருமே, அந்த நிம்மதி.

அந்த நிம்மதிக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கையைத்தான் கண்டிக்க வந்திருக்கிறேன். வைரஸ் என்பது ஒரு தீட்டு, ஃபார்மட் என்பது தலைமுழுக்கு, முழுகி எழுந்தால் எல்லாம் போயிற்று என்ற நம்பிக்கை. கொடுக்கிறவரும் நம்புகிறார், வாங்கி வேலை பார்க்கிறவரும் நம்புகிறார். அதனால் இதை யாரும் சோதித்துப் பார்ப்பதே இல்லை. இப்படி அலறிப் பணம் பறிக்கும் போலி ஆன்டிவைரஸ் விஷயத்தில் இந்த நம்பிக்கை காக்க வேண்டியதை அழிக்கிறது, அகற்ற வேண்டியதை விட்டுவைக்கிறது. எல்லாவற்றையும் விட மோசம், பாதிக்கப்பட்டவரிடம் கேட்டே ஆக வேண்டிய சில கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்கிறது.

எதிராளி யார் என்று பார்த்தால் இது விளங்கும். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், இன்னவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. பதிவு பெலிஸ் நாட்டில், வேலை நடந்தது உக்ரைனின் கீவ் நகரில். வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எர்ரர்சேஃப், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்று பெயரை மாற்றி மாற்றி ஒரே சரக்கை விற்றார்கள். வாங்கி ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2010-இல் சிகாகோவில் தாக்கலான குற்றப்பத்திரிகை, 60-க்கும் அதிகமான நாடுகளில் 10 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாகச் சொன்னது. பணம் கட்டியவர்கள் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டால் பேச ஆள் வேண்டுமே, அதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலேயே ஒரு கால் சென்டர் இருந்தது. 2012-இல் நீதிமன்றம் 16 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைக் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

கல்லாப்பெட்டி, விளம்பரப் பிரிவு, வாடிக்கையாளர் சேவை எல்லாம் வைத்து நடந்த வியாபாரம் இது. சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட மூன்று கும்பல்களின் கணக்குவழக்கை அவர்களுடைய சர்வர்களிலிருந்தே எடுத்துப் படித்து 2011-இல் வெளியிட்டார்கள். நூறு பேர் கணினியில் இந்த மென்பொருள் ஏறினால் சுமார் இரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரை வைத்தே மூன்று கும்பல்களும் சேர்ந்து 13 கோடி டாலருக்கு மேல் பார்த்துவிட்டன.

ஆக, அவர்கள் குறி வைப்பது கார்டு எண்ணுக்கு. கணினி வெறும் வாசற்படி. நாம் கழுவிவிட்டுத் திருப்தி அடைவது அந்த வாசற்படியை மட்டும்தான்.

இன்னொரு உண்மை, நான் கடையில் இருந்த காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது: இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை பார்வைக்குத்தான் பூதம். பயனருடைய ஃபோல்டருக்குள் பொருளற்ற எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரே ஒரு எக்ஸி ஃபைல். கணினி தொடங்கும்போது அதை எழுப்பிவிட ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி. அதன் பலமெல்லாம் நம் கையைக் கட்டிப்போடும் தந்திரங்களில் இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மூடிவிடும். எந்த எக்ஸி ஃபைலைச் சொடுக்கினாலும் அதற்குப் பதில் தானே எழுந்து வரும்படி ரெஜிஸ்ட்ரியை மாற்றி வைத்திருக்கும். பிரௌசரில் பிராக்ஸி அமைப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, எந்தத் தளத்துக்குப் போனாலும் 'ஆபத்து' என்று தன் பக்கத்தையே காட்டும்.

இதை அவிழ்க்க வழி இருந்தது. எஃப்8 அழுத்தி, நெட்வொர்க்கோடு கூடிய சேஃப் மோடில் நுழைவது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் பிராக்ஸிக்கு முன்னால் உள்ள டிக்கை எடுப்பது. பிளீப்பிங் கம்ப்யூட்டர் தளத்தை நடத்திய லாரன்ஸ் ஏப்ரம்ஸ் ஆர்கில் என்ற சிறிய கருவியை இலவசமாகக் கொடுத்தார். ஓடிக்கொண்டிருக்கும் போலியை நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. அதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஃபைல் பெயரிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஏன் அந்தப் பெயர்? போலி எல்லாவற்றையும் தடுத்தாலும் பிரௌசரைத் தடுக்காது. பணம் கட்ட நமக்குப் பிரௌசர் வேண்டும் அல்லவா! நிறுத்தியதும் கணினியை ரீஸ்டார்ட் செய்யாமல், அப்படியே மால்வேர்பைட்ஸ் போன்ற ஒன்றை ஓட்டினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். சில ஆய்வாளர்கள் போலிகளின் 'சீரியல் நம்பரை'க் கண்டுபிடித்துப் பொதுவில் போட்டார்கள். அதை உள்ளே கொடுத்தால், பணம் வந்துவிட்டது என்று நம்பிப் போலியே அடங்கி, பூட்டியதையெல்லாம் திறந்துவிடும். பிறகு நிதானமாக அகற்றலாம்.

அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி. ஃபார்மட் அடித்து, ஓ.எஸ். போட்டு, டிரைவர் தேடி, பிரிண்டரை மறுபடி இணைத்து, தமிழ் எழுத்துரு ஏற்றி, கணக்கு மென்பொருளைத் திரும்பப் போட்டுக் கொடுக்க எனக்கு அரை நாள் ஆகும். 'ஃபார்மட்தான் சுருக்கமான வழி' என்ற வாதம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2011-இல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இதை எழுத எனக்கு உரிமை இல்லை.

ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். கல்யாண ஆல்பம் செய்கிறவர். திரையில் 'விண்டோஸ் ரெக்கவரி' என்று ஒன்று, 'ஹார்ட் டிஸ்க் பழுதடைந்துவிட்டது, தகவல்கள் அழியும் அபாயம்' என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் பெட்டி பெட்டியாய் எழுப்பிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப் வெறுமை. ஸ்டார்ட் மெனு வெறுமை. மை டாக்குமென்ட்ஸ் திறந்தால் வெறுமை. அவர் கல்யாணப் படங்களை எல்லாரையும் போல டெஸ்க்டாப்பில்தான் ஃபோல்டர் போட்டு வைத்திருந்தார்.

"படமெல்லாம் போயிருச்சா தம்பி?"

"டிஸ்க்கே காலிண்ணே. ஒண்ணுமே காட்டல பாருங்க."

சொல்லிவிட்டு ஃபார்மட் அடித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். எதிர்க் கடையிலிருந்து இரண்டு பேருக்கும் டீ சொன்னார்.

சில வாரம் கழித்து இதே திரையோடு இன்னொரு கணினி வந்தபோதுதான் உட்கார்ந்து படித்தேன். அது ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் 'மறைவு' என்ற குறியைப் போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்டார்ட் மெனுவில் உள்ள ஷார்ட்கட்களை டெம்ப் ஃபோல்டருக்குள் எஸ்எம்டிஎம்பி என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் செய்து அங்கே நகர்த்தி வைக்கிறது. எல்லாம் கணினிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். மறைவை நீக்க விண்டோஸிலேயே அட்ரிப் என்ற கட்டளை உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாக மீட்டுத்தர ஏப்ரம்ஸ் அன்ஹைட் என்று ஒரு கருவியும் செய்து வைத்திருந்தார். இரண்டு நிமிட வேலை.

அன்று நான் மை கம்ப்யூட்டரைத் திறந்து சி டிரைவ் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்திருந்தால் போதும். ஃபோல்டர்கள் காலியாய்த் தெரிய, டிரைவ் மட்டும் முக்கால்வாசி நிறைந்திருப்பது கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை. அழிந்துவிட்டதாக அந்தப் போலி பொய் சொன்னது. அந்தப் பொய்யை மெய்யாக்கியது என் கை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்பார்கள், இங்கே எலிகூட இல்லை. விஷயம் தெரிந்த பிறகு அந்தக் கணினியை வாங்கி வந்து மீட்பு மென்பொருள் ஓட்டினேன். விண்டோஸை மேலே எழுதியாயிற்று, அவரும் சில வாரம் வேலை பார்த்துவிட்டார். கிடைத்தவை கொஞ்சம். அவற்றிலும் பல, பாதிப் படத்துக்குக் கீழே சாம்பல் பட்டையாய்த் திறந்தன. மூன்று குடும்பத்துக் கல்யாணம் அது.

இனி, ஃபார்மட் எதை அழிக்காது என்று பார்ப்போம்.

நம் ஊரில் ஃபார்மட் என்றால் சி டிரைவை மட்டும் அழிப்பது. 'டி டிரைவில் எல்லாம் பத்திரமா இருக்கு' என்பது அதற்கு அடுத்த வாக்கியம். அந்த டி டிரைவில் என்ன இருக்கிறது? டிரைவர்கள், மென்பொருள்களின் செட்அப் ஃபைல்கள், யாரோ கொடுத்த கிராக். சாலிட்டி, வைரட் போன்ற வைரஸ்கள் எக்ஸி ஃபைல்களுக்குள் தங்களை எழுதிக்கொள்பவை. சி எது, டி எது என்ற பேதம் அவற்றுக்கு இல்லை. புதிதாய் விண்டோஸ் போட்டு, டி டிரைவிலிருந்து முதல் செட்அப் ஃபைலைச் சொடுக்கியதும் வைரஸ் பழைய இடத்துக்கே வந்துவிடும். வாடிக்கையாளர் ஒரு வாரத்தில் திரும்பி வருவார். 'நீங்க கண்ட சைட்டுக்குப் போறீங்க' என்று அவர் மேலேயே பழி போடுவோம்.

அடுத்தது, போலி ஆன்டிவைரஸோடு கூட்டாளியாக வந்த டிடிஎஸ்எஸ் என்ற ரூட்கிட், அதாவது கண்ணில் படாமல் கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் வகை. அதன் நான்காம் பதிப்பு ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரில், மாஸ்டர் பூட் ரெக்கார்டில் குடியேறியது. அந்த இடம் எந்த டிரைவுக்குள்ளும் சேர்ந்ததல்ல. சி டிரைவை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அங்கே கை படாது. காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதற்கென்றே டிடிஎஸ்எஸ் கில்லர் என்ற இலவசக் கருவியைக் கொடுத்தது. ஃபார்மட்டையே நம்பியிருந்த எங்களில் எத்தனை பேர் அதை ஓட்டினோம்?

மூன்றாவது, வீட்டு ரவுட்டர். 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐயும் எஸ்தோனியப் போலீசும் சேர்ந்து ஒரு கும்பலைப் பிடித்தார்கள். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற மென்பொருளால் உலகம் முழுக்க சுமார் 40 லட்சம் கணினிகளைத் தங்கள் வழிகாட்டிச் சர்வர்களை நோக்கித் திருப்பிவிட்ட கும்பல் அது. கணினியோடு நிற்கவில்லை. வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்து அமைப்பை மாற்றியது. மாடத்தில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியைக் கணினியோடு யாரும் கடைக்குக் கொண்டுவருவதில்லை.

பென்டிரைவ் கதை எல்லாருக்கும் தெரியும், கடந்துவிடுகிறேன். ஆனால் கான்ஃபிக்கர் என்ற புழுவைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் புழு நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபரிலேயே பேட்ச் கொடுத்துவிட்டது. 2009 ஏப்ரலில் கான்ஃபிக்கரின் ஒரு பதிப்பு, தான் பிடித்து வைத்திருந்த கணினிகளில் ஸ்பைவேர் புரொடெக்ட் 2009 என்ற போலியை இறக்கி 49.95 டாலர் கேட்டது. அப்போது நாங்கள் செய்தது என்ன? பிரௌசிங் சென்டர்களில் ஒவ்வொரு கணினியாக ஃபார்மட் அடித்தோம். போட்ட விண்டோஸ், பேட்ச் எதுவும் இல்லாத பழைய எக்ஸ்பி சிடியிலிருந்து. ஒயரைச் செருகியதும் பக்கத்துக் கணினியிலிருந்து புழு திரும்ப வந்தது. பேட்ச் ஏறியிருந்த கணினியைக்கூட ஃபார்மட் அடித்துப் பேட்ச் இல்லாத நிலைக்குக் கொண்டுபோனோம். கொல்லைக் கதவைக் கழற்றிவிட்டு வாசலில் சாணி தெளித்தது போல.

இன்றைய கணினிகளிலும் இதே கதைதான், வேறு உருவில். குரோமில் ஏறிய கள்ள எக்ஸ்டென்ஷன், கூகுள் கணக்கோடு ஒத்திசைந்து கிடக்கும். ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போட்டு, அதே கணக்கில் நுழைந்ததும் அதுவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவையெல்லாம் இயந்திரத்தின் பாடு. எனக்கு ஆறாமல் இருப்பது மனிதர்களின் பாடு.

கடைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் ஏற்கனவே கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. அவர்களாகச் சொன்னதும் இல்லை. சொல்ல வெட்கம். 'வைரஸ் வந்தால் தப்பான சைட்டுக்குப் போயிருப்பான்' என்று ஊர் நினைக்கும் என்ற வெட்கம். அந்த நினைப்பும் பொய். 2009 செப்டம்பர் 12, 13 தேதிகளில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தளத்தில் செய்தி படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் போலி ஆன்டிவைரஸ் திரை வந்தது. வானேஜ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விளம்பர இடம் வாங்கியவர்கள், முதலில் ஒழுங்கான விளம்பரம் போட்டுவிட்டு, வார இறுதியில் மாற்றினார்கள். மினியாபொலிஸ் நகரின் ஸ்டார் டிரிப்யூன் பத்திரிகைக்கும் 2010-இல் இதே கதிதான், அங்கே ஒரு ஓட்டல் குழுமத்தின் பெயர். காலைப் பத்திரிகை படித்தவர் என்ன பாவம் செய்தார்?

ஆனால் வெட்கம் வெட்கம்தான். அதனால்தான் ஃபார்மட் இரண்டு தரப்புக்கும் இனிக்கிறது. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். எப்போது வந்தது, எதை அழுத்தினீர்கள், பணம் கட்டினீர்களா, ஓடிபி சொன்னீர்களா, எந்தப் பாஸ்வேர்டைப் பிரௌசரில் சேமித்து வைத்திருந்தீர்கள், இதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறது? இந்தக் கேள்விகளில்தான் சுத்தம் செய்வது தொடங்குகிறது. பதில்களில் பாதி கணினிக்கு வெளியே போகும், வங்கிக்கு, மின்னஞ்சலுக்கு, மகனுடைய மடிக்கணினிக்கு. நாம் அந்த வாயை அடைத்துவிட்டு டிஸ்க்கைத் துடைக்கிறோம்.

கணினி கடையில் கிடக்கும் அந்த ஒரு நாள், இரண்டு நாள்தான் காசு போகிற காலமும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை இதில் கடிகாரத்தை வைத்தே விதி வகுத்தது. வங்கியின் தவறும் இல்லாமல் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் நடந்த மோசடி என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. வாடிக்கையாளரே ஏமாந்து விவரத்தைக் கொடுத்திருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதாவது, ஃபோனை எடுப்பதுதான் முதல் வேலை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

சாட்சியத்தையும் மறக்க வேண்டாம். எந்தத் தளம், எந்த எண், எந்த நேரம், தூரத்திலிருந்து இயக்கும் எனிடெஸ்க் போன்ற மென்பொருளை ஏற்றச் சொன்னார்களா என்ற தடயம் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கிறது. 2023 அக்டோபரில் சிபிஐ, ஆபரேஷன் சக்ரா-2 என்று பெயரிட்டுப் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. அதில் சிக்கியவற்றில், மைக்ரோசாஃப்ட், அமேசான் பெயரைச் சொல்லி வெளிநாட்டினரைத் திரை எச்சரிக்கையால் மிரட்டிய கால் சென்டர்களும் உண்டு. அப்படிப்பட்ட வழக்குகள் தடயத்தில்தான் நிற்கின்றன. புகார் கொடுக்கப் போகிறவர் கையில் ஃபார்மட் அடித்த கணினி இருந்தால் காட்ட என்ன இருக்கும்?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது கனமானதுதான். கையில் கருவி வைத்துக்கொண்டு தேடுபவருக்கு எல்லாம் போய்விட்டது என்று ஒருபோதும் உறுதி சொல்ல முடியாது, ரூட்கிட் கண்ணிலேயே படாமல் இருக்கலாம், ஆகவே முழுதாக அழிப்பதே பாதுகாப்பு என்பது. பாதுகாப்பு வல்லுநர்களும் சொல்வது இது, நான் மறுக்கவில்லை. வைரட் மாதிரி நூற்றுக்கணக்கான எக்ஸி ஃபைல்களைக் கெடுத்துவிட்ட ஒன்று என்றால் நானும் அழித்துவிடத்தான் சொல்வேன். முன்பின் தெரியாதவன் எனிடெஸ்க்கில் உள்ளே வந்து அரை மணி நேரம் உலவிய கணினி என்றாலும் அப்படியே.

ஆனால் வல்லுநர்கள் சொல்லும் அழிப்புக்கும் நம் கடைகளில் நடக்கும் ஃபார்மட்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. அவர்கள் சொல்வதில் முதல் வேலை, பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, உள்ளே தூங்கும் விண்டோஸை எழுப்பாமல், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுப்பது. எக்ஸி ஃபைல் ஒன்றைக்கூட எடுப்பதில்லை. பிறகு எல்லாப் பார்டிஷனையும், பூட் பகுதியையும் சேர்த்து நீக்குவது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே நேரடியாக இறக்கிய விண்டோஸைப் போட்டு, அப்டேட் அனைத்தையும் ஏற்றுவது. ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றுவது. பிறகு, வேறொரு சுத்தமான கணினியிலோ ஃபோனிலோ உட்கார்ந்து மின்னஞ்சல் முதற்கொண்டு எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுவது. நம் கடையில் நடப்பது, மேசை டிராயரில் கிடக்கும் கிராக் செய்த விண்டோஸைச் செருகி, சி டிரைவை அழித்து, டி டிரைவிலிருந்து கிராக் செய்த ஆன்டிவைரஸை ஏற்றித் தருவது. அந்தக் கிராக்கே ஒரு வைரஸாக இருக்கலாம். சுத்தம் செய்ய வந்தவர் கையாலேயே அது உள்ளே போகிறது.

கடைப் பையன்களைத் திட்டி இதை எழுதவில்லை. நான் அவர்களில் ஒருவன். ஃபார்மட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டால் முனகாமல் கொடுப்பவர், 'ஃபார்மட் பண்ணாம ஒரு மணி நேரம் உக்காந்து சுத்தம் பண்ணினேன்' என்றால் இருநூறு கொடுக்கவே யோசிப்பார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எல்லாம் புதிதாக மாறியிருந்தால்தான் வேலை நடந்தது என்று நம்புவார். அந்த நம்பிக்கை மாறாமல் கடைக்காரர் மட்டும் மாற முடியாது. கணினியைக் கொடுக்கிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும்: ஃபார்மட் வேண்டாம், என்ன ஆச்சென்று முதலில் பாருங்கள், அதற்குக் காசு தருகிறேன் என்று.

சென்ற மழைக்காலத்தில் சித்தப்பா ஃபோன் செய்தார். பணி ஓய்வு பெற்றவர், கணினியில் பேரப்பிள்ளைகள் படம் பார்ப்பதும் வங்கிக் கணக்கு பார்ப்பதும்தான் வேலை.

"கம்ப்யூட்டர்ல மூலையில மூலையில வருதுப்பா. ஆன்டிவைரஸ் முடிஞ்சுபோச்சு, வைரஸ் வந்துருச்சுங்குது. கடையில குடுத்து ஃபார்மட் அடிச்சுரட்டுமா?"

திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏதோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்' என்று வந்திருக்கிறது, அழுத்தியிருக்கிறார். வைரஸ் எதுவும் இல்லை. அந்தத் தளத்துக்குக் குரோமில் நோட்டிஃபிகேஷன் அனுமதி கிடைத்துவிட்டது, அது தன் இஷ்டத்துக்கு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. ஃபோனிலேயே வழி சொன்னேன். செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், பட்டியலில் தெரியாத பெயர், நீக்கு. நான்கு நிமிடம்.

"நின்னுருச்சுப்பா" என்றார்.

"சித்தப்பா, அது வந்தப்ப எங்கயாவது கார்டு நம்பர் போட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் சித்தி டிவி பார்க்கும் ஒலி மட்டும் கேட்டது.

"ஞாயித்துக்கெழம ராத்திரி போட்டேன். உங்க சித்திகிட்டகூடச் சொல்லல."

அன்று செவ்வாய்க்கிழமை. என் ஃபோனை வைத்துவிட்டு வங்கிக்கு அடித்தார். கார்டை முடக்கினார்கள். அதற்குள் ஒரு தொகை போயிருந்தது, அடுத்த மாதமும் தானாக எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள், அதை ரத்து செய்தார்கள். 1930-இல் புகார் பதிந்தோம். மின்னஞ்சல் பாஸ்வேர்டை அவர் ஃபோனிலிருந்து மாற்றினோம், வங்கிப் பாஸ்வேர்டும் அதேதான் என்று அப்போது தெரிந்தது, அதையும் மாற்றினோம். எல்லாம் முடிய இரவு ஒன்பது மணி. பத்து நாளில் புதுக் கார்டு தபாலில் வந்தது. கணினி மேசையை விட்டு நகரவே இல்லை.